அணில் குட்டிக்கு முதலில் பால் கொடுக்காதீர்கள்

போன மே மாதம் கோடைமழைக்கு முன்னால் அடித்த காற்றில் எங்கள் தெருத் தென்னையிலிருந்து ஒரு மட்டை விழுந்தது. மட்டையோடு அணில் கூடும் வந்துவிட்டது. தேங்காய் நாரும் துணிக் கிழிசலும் பஞ்சுமாகப் பின்னிய கூடு. உள்ளே விரல் நீளத்தில் இரண்டு குட்டிகள். முடி முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. முதுகில் கோடுகள் வரப்போகிற இடம் மட்டும் லேசாக நிழலாடியது. பக்கத்து வீட்டு அக்கா பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, இங்க் ஃபில்லரோடு ஓடி வந்தார்.

"அக்கா, பால் வேண்டாம். ஒரு பாட்டில் வெந்நீர் கொண்டு வாங்க" என்றேன். பசியில் வாயைத் திறந்து திறந்து மூடும் குட்டிக்குப் பால் தராதே என்றால் யாருக்கும் மனசு கேட்காது. அவருக்கும் கேட்கவில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது நானும் இதே மாதிரி ஒரு குட்டியை எடுத்து, இதே மாதிரி பால் ஊட்டினேன். மறுநாள் காலை வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. தாய் இல்லாததால் செத்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதைக் கொன்றது நான் ஊட்டிய பால்தான். அது எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், எந்தக் குட்டி கையில் கிடைத்தாலும் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

சூட்டிலிருந்து தொடங்கலாம். ஒரு டம்ளர் காபியும் ஒரு அண்டா வெந்நீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது முதலில் ஆறும்? டம்ளர்தான். உருவம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் பருமனை விட வெளியே தெரியும் மேற்பரப்பின் பங்கு கூடுகிறது. சூடு மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேறும். வளர்ந்த மூவரி அணிலே சுமார் 100 கிராம்தான். அதன் குட்டி சில கிராம் எடையுள்ள, முடியில்லாத, மெல்லிய தோல் உருண்டை. நம் உடம்பு போலத் தன் சூட்டைத் தானே நிலையாக வைத்துக்கொள்ள அதற்கு இன்னும் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு இருக்கும். நம் கைக்குழந்தைகளுக்கும் இருப்பதுதான். அது நடுங்காமலே எரிந்து சூடு தரும். ஆனால் அந்த அடுப்புக்கு விறகு, தாய்ப்பால். தாயின் வயிறும், கூடப்பிறந்தவற்றின் உடம்பும், நார்க்கூடும் சேர்ந்துதான் குட்டியின் சூட்டைக் காக்கின்றன. தரையில் விழுந்த கணமே மூன்றும் போய்விடுகின்றன.

உடம்பு குளிர்ந்தால் குடல் நின்றுவிடுகிறது. பாலைச் செரிக்கும் நொதிகள் மந்தமாகின்றன, உணவை முன்னே தள்ளும் அலையும் அடங்குகிறது. அந்த நிலையில் ஊட்டிய பால் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், வாயு கட்டும், வயிறு உப்பும். அதோடு, குளிர்ந்த குட்டிக்கு விழுங்கும் அனிச்சைச் செயலும் பலவீனமாக இருக்கும். மல்லாத்திப் பிடித்து ஃபில்லரால் பீய்ச்சினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய், ஓரிரு நாளில் நிமோனியாவாக முடியும். நாசியில் பால் குமிழ் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று பொருள்.

அதனால் முதல் வேலை சூடு. செருப்புப் பெட்டி ஒன்றில் பழைய பனியன் துணியை விரித்துக் குட்டிகளை வையுங்கள். பஞ்சு வேண்டாம், நூல் பிரியும் துண்டும் வேண்டாம். இழைகள் நகத்திலும் காலிலும் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். அதிகமாகச் சுட்டால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும் இல்லையா? மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதும். நீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குட்டியின் வயிற்றுப்பக்கம் உங்கள் விரலுக்குக் கதகதப்பாகத் தெரியும்வரை வாயில் ஒரு சொட்டும் விடக்கூடாது.

சூடு ஏறிவிட்டது. அப்புறமும் பால் இல்லை. பாலைக் கையாளவே உடம்பில் நீர் வேண்டும், ஆனால் வெயிலில் கிடந்த குட்டி பெரும்பாலும் வறண்டு போயிருக்கும். முதுகுத் தோலை மெதுவாகக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் கூடாரம் மாதிரி நின்றால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். இங்கே உதவும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக்கி, ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சால் உதட்டோரம் ஒவ்வொரு சொட்டாக வைக்கலாம். குட்டியைக் குப்புற, தலை சற்றே உயர்ந்திருக்கும்படி பிடித்தால் போதும், நக்கிக்கொள்ளும். வெறும் தண்ணீரை விட இது ஏன் நல்லது என்றால், குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் மட்டும் திறக்கும் புரத வாயில்கள் உள்ளன. அவை இரண்டும் உள்ளே போகும்போது நீரும் பின்னாலேயே இழுபட்டுப் போகும். காலராவில் மனிதர்களைக் காப்பாற்றும் அதே வழிதான் இந்த விரல் நீளக் குட்டியிலும் வேலை செய்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

இனி அந்தப் பாலுக்கு வருவோம். பால் எல்லாம் ஒன்று என்று நாம் நினைப்பதுதான் சிக்கல். பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம், புரதம் சுமார் 3, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. எலி போன்ற கொறிவிலங்குகளின் பாலில் கொழுப்பு 10 சதவீதத்துக்கும் மேல். புரதமும் பசும்பாலைப் போல இரு மடங்குக்கு மேல். லாக்டோஸ் மட்டும் குறைவு. பசும்பாலைக் குடிக்கும் அணில் குட்டிக்கு இரண்டு பக்கமும் நட்டம். வளர வேண்டிய சத்து போதாது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுத்து, அங்குள்ள பாக்டீரியாவிடம் புளித்து வயிற்றுப்போக்காகிறது. நீர் குறைந்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பிழைப்பது கடினம். அணில் வளர்த்துப் பழகியவர்கள் நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவைப் பயன்படுத்துவார்கள். நாய்ப்பாலும் கொழுப்பும் புரதமும் கூடி, லாக்டோஸ் குறைந்தது என்பதே காரணம். அதையும் விவரம் தெரிந்தவர் சொல்லும் அளவில், சொல்லும் இடைவெளியில்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. இந்த வயதுக் குட்டிகளால் தாமாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் அடிவயிற்றுக்குக் கீழே நக்கும்போது எழும் தூண்டல் தண்டுவடம் வழியாகப் போய் மூத்திரப்பையைச் சுருங்க வைக்கும். தாயின் நாக்கு இல்லையென்றால் பை நிரம்பிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி நுனியால் அந்த இடத்தில் மெல்ல வருட வேண்டும். நன்றாகப் பால் குடித்த குட்டி ஏன் செத்தது என்று குழம்பியவர்கள் வீட்டில் பல நேரம் விடுபட்டது இதுவாகத்தான் இருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, இதையெல்லாம் செய்யவே வேண்டியிராத வழியைச் சொல்கிறேன். தாய் செத்துவிட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. நாம் நிற்பதால்தான் அது வராமல் இருக்கிறது. தாய் அணில் கூடு கலைந்தால் குட்டிகளை வாயில் கவ்வி வேறு கூட்டுக்கு மாற்றிவிடும். மனிதர் தொட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. அணிலுக்கும் பறவைகளுக்கும் அது பொருந்தாது. பாலூட்டிய தாய்க்குத் தன் குட்டியின் குரலும் மணமும் உங்கள் கைவாசனையை விடப் பெரியது. வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதை விட, சூடான பெட்டியை மூடாமல் அதே மரத்தடியில் வைத்துவிட்டு, காக்கையும் பூனையும் வராமல் தள்ளி நின்று பார்ப்பதுதான் நல்ல வைத்தியம். அணில் பகலில் உலவும் உயிர் என்பதால் இருட்டும்வரை காத்திருக்கலாம்.

யானைக்கும் இதே முறைதான். 2023 டிசம்பரில் ஆனைமலைப் புலிகள் காப்பகப் பகுதியில் தனியே திரிந்த யானைக் குட்டியை வனத்துறையினர் முகாமுக்குக் கொண்டுபோகவில்லை. கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார்கள். பின்னர் அது தாயின் மேல் சாய்ந்து தூங்கும் படம் எங்கும் பரவியது.

முயலும் மானும் இன்னும் ஏமாற்றும். காட்டுமுயல் தன் குட்டிகளைப் புல்லுக்குள் விட்டுவிட்டுப் போய்விடும். பால் கொடுக்க அநேகமாக நாளுக்கு ஒரு முறை, அதுவும் இருள் சூழும்போதுதான் வரும். பக்கத்திலேயே இருந்தால் நரிக்கும் நாய்க்கும் வழிகாட்டுவது போலாகிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் புள்ளிமான்கள் சாதாரணமாக உலவுகின்றன. அங்கே புதரடியில் ஒரு மான்குட்டி அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்தால், அது கைவிடப்பட்டதல்ல. பிறந்த சில நாட்கள் மணம் குறைவாக, அசைவில்லாமல் ஒளிந்திருப்பதுதான் அதன் தற்காப்பு. தூக்கினால் திமிறாமல் இருக்கும். பழகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது பயத்தில் உறைந்திருக்கிறது. மானும் முயலும் துரத்திப் பிடிக்கப்பட்டால் அந்தப் பதற்றத்திலேயே தசைகள் சிதைந்து, காயம் எதுவும் தெரியாமல், பிறகு இறந்துபோவதும் உண்டு. காயமோ, ஈ மொய்ப்போ, பக்கத்தில் செத்த தாயோ இல்லாதவரை அதைத் தொடாமல் விலகுங்கள்.

பறவைக் குஞ்சில் முதலில் பார்க்க வேண்டியது இறகு. இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்தி நடக்கும் மைனாவோ காக்கையோ பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. பெற்றோர் பக்கத்துக் கிளையில் இருக்கும். சாலையில் இருந்தால் எடுத்துப் புதரில் வைத்தால் போதும். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். கூடு அழிந்திருந்தால் அடியில் ஓட்டை போட்ட சிறு கூடையில் காய்ந்த புல் வைத்து அதே மரத்தில் கட்டலாம். தயவுசெய்து அதன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய், நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. நீங்கள் ஊற்றும் நீர் நேரே அதற்குள் போகும்.

குட்டிப் பாம்புக்குத் தாய் தேவையே இல்லை. கண்ணாடி விரியன் குட்டி பிறந்த நாளிலேயே விஷத்தோடுதான் வரும். குரங்குக் குட்டி, கீரி, நரி, வௌவால் ஆகியவற்றை வெறும் கையால் தொடவே கூடாது. பாலூட்டிகளின் கடி ரேபிஸ் வரை போகலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும்.

வளர்த்துக்கொள்ளலாமே என்ற ஆசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். கூண்டில் வளர்க்கும் பச்சைக்கிளிக்கும் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் குட்டியின் மூளை. கண் திறந்து முதலில் பார்க்கும், கேட்கும், பின்தொடரும் உருவத்தைத் தன் இனமாகப் பதித்துக்கொள்ளும் பருவம் பல உயிர்களுக்கு உண்டு. வாத்துக் குஞ்சுகள் தன் பின்னாலேயே நடந்ததை வைத்து இதை விரிவாக விளக்கிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரைப் பார்த்து ஓடத் தெரியாத, பூனையைக் கண்டு ஒளியத் தெரியாத விலங்கை வளர்த்து வெளியே விட்டால் அது நீண்ட நாள் இருக்காது. அதனால் தாய் வரவில்லை என்று உறுதியான பிறகு, கொஞ்சாமல், பிள்ளைகளுக்குக் காட்டாமல், இருட்டான அமைதியான பெட்டியில் வைத்து, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ காட்டுயிர் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவருக்கோ அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

எங்கள் தெருக் குட்டிகளுக்கு அது தேவைப்படவில்லை. வெந்நீர் பாட்டிலோடு பெட்டியைத் தென்னை அடியில் வைத்துவிட்டு, அக்காவும் நானும் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து மேலேயிருந்து கீச்சுக் கீச்சென்று விடாமல் ஒரு சத்தம். தாய் தலைகீழாக இறங்கி வந்தது, நின்றது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. கடைசியில் பெட்டிக்குள் பாய்ந்து ஒரு குட்டியை வயிற்றுப்பக்கம் கவ்வித் தூக்க, குட்டி அதன் முகத்தைச் சுற்றி உருண்டையாகச் சுருண்டுகொண்டது. பத்து நிமிடத்தில் இரண்டாவதையும் எடுத்துப் போனது. பெட்டியை எடுக்கலாம் என்று நான் எழுந்தபோது அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். அது மூன்றாம் முறையும் வந்து, பனியன் துணியைப் புரட்டி, மூலைமூலையாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மரமேறிப் போனது.