88ன்னு காட்டுன ஆக்சிமீட்டரும் ஒரு வெள்ளி கிளினிக்கும்

2021 ஆகஸ்ட். மலேசியாவுல, கோலாலம்பூர் செந்தூல்ல நாங்க இருந்த ஃபிளாட், அத்தைக்கு கோவிட் வந்து ஆறாவது நாள். காய்ச்சல் விட்டுடுச்சு, ரசத்துக்கு மிளகு தட்டிக்கிட்டு "எனக்கு ஒன்னும் இல்லய்யா, நல்லாத்தான் இருக்கேன்"ங்கிறாங்க, ஆனா ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு பாக்க விரல்ல மாட்டுன ஆக்சிமீட்டர் 88ன்னு காட்டுது. கழட்டி, விரல நல்லா தேச்சு சூடு பண்ணி, அடுத்த விரல்ல மாட்டுனோம். 89.

95க்கு மேல இருக்க வேண்டிய நம்பர் அது. 88ல இருக்கிற ஆளு எப்படி நின்னு சமைக்க முடியும்னு கேப்பீங்க. மூச்சு திணறுதுன்னு நமக்கு உணர்த்துறது பெரும்பாலும் ரத்தத்துல ஏறுற கார்பன் டை ஆக்சைடுதான், ஆக்சிஜன் குறையறத மூளை அவ்வளவு சீக்கிரம் கண்டுக்காது. கோவிட்ல நுரையீரலோட சில பகுதி ஆக்சிஜன எடுக்க முடியாம போனாலும் மிச்சப் பகுதி வேகமா வேலை செஞ்சு கார்பன் டை ஆக்சைட வெளிய தள்ளிடுது, அதனால உள்ள ஆக்சிஜன் சரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆளு மட்டும் சாதாரணமா பேசிக்கிட்டு இருப்பாரு. அப்புறம் ஒரு கட்டத்துல திடீர்னு விழுந்துடுவாரு.

நம்ம ஆளுங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டிய ஒன்னு இங்க இருக்கு. ஆக்சிமீட்டர் சிவப்பு வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தையும் விரலுக்குள்ள அனுப்பி, ரத்தம் எத எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாத்துதான் கணக்கு போடுது. தோல் கறுப்பா இருந்தா அந்தக் கணக்கு கொஞ்சம் கூட காட்டலாம். 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, மெஷின் நல்ல நம்பர் காட்டியும் உள்ள ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்த நிலைமை, வெள்ளைக்காரங்களவிட கறுப்பின நோயாளிங்ககிட்ட ஏறக்குறைய மூனு மடங்கு அதிகமா இருந்துச்சு. அதனால ஒரு தடவ காட்டுற நம்பர மட்டும் நம்பாதீங்க, நேத்து 97, இன்னைக்கு 94ன்னு இறங்குதான்னு பாருங்க.

சரி, 88 காட்டுது, அப்புறம் என்ன? அந்த நிமிஷத்துலருந்து ஆக்சிஜன் குழாய் மூக்குல ஏறுற வரைக்கும் ஆகிற நேரம் இருக்கு பாருங்க, ஒரு நாட்டோட சுகாதார அமைப்பு நல்லதா கெட்டதான்னு நான் அத வச்சுத்தான் பாக்குறேன்.

ஏன்னா காகிதத்துல போட்ட மார்க்கு பெருசா உதவல. 2019ல உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடுன்னு ஒன்னு வெளியிட்டாங்க, தொற்றுநோய்க்கு யாரு தயாரா இருக்காங்கன்னு. முதல் இடம் அமெரிக்கா, ரெண்டாவது பிரிட்டன், மலேசியா 18, நியூசிலாந்து 35, வியட்நாம் 50. அப்புறம் நடந்தது தெரியும். அமெரிக்காவுல பத்து லட்சம் பேருக்கு மேல செத்தாங்க, மக்கள்தொகையோட பாத்தா பத்து லட்சத்துக்கு 3,000 பேருக்கும் மேல. நம்ம நாட்டுல ஏறக்குறைய 37,000, அதாவது பத்து லட்சத்துக்கு 1,100 பக்கம். நம்ம மக்கள் அவங்களவிட இளசு, அதையும் கணக்குல எடுக்கணும், அதனால இத முழுசா நம்ம சாமர்த்தியம்னு சொல்ல மாட்டேன். ஆனா மொத்த வருமானத்துல 17 சதவீதத்துக்கு மேல சுகாதாரத்துக்கு செலவு பண்ற நாடு அது, நாம அதுல மூனுல ஒரு பங்குகூட பண்றது இல்ல. அங்க 2020ல இன்சூரன்ஸே இல்லாதவங்க மட்டும் 2 கோடியே 80 லட்சம் பேர் பக்கம், பில்லுக்குப் பயந்து ரெண்டு நாள் வீட்டுலயே பொறுத்துப் பாக்குறவனுக்கு உலகத்துலயே சிறந்த ஐசியூ பக்கத்து தெருவுல இருந்தும் பிரயோஜனம் இல்ல.

நம்மகிட்ட ஒரு வெள்ளி கிளினிக் இருக்கு. அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், ஸ்பெஷலிஸ்ட பாக்க அஞ்சு வெள்ளி. காலையில ஏழு மணிக்கே நம்பர் எடுத்துட்டு உக்காரணும், பசியாறாம ரத்தம் குடுக்கணும், நாம எல்லாரும் அதப்பத்தி குறை சொல்லியிருக்கோம். ஆனா அத்தை அங்க பதினோரு வருஷமா இனிப்புநீருக்கு, அதான் சர்க்கரை வியாதிக்கு, போறாங்க, அவங்க பேரு, நம்பர், மாத்திரை எல்லாம் அங்க இருக்கு. அதனாலதான் பாசிட்டிவ்னு தெரிஞ்ச மறுநாளே அங்க இருக்கிற ஒரு மிஸ்ஸி, அதான் நர்ஸ், போன் பண்ணாங்க, "ஆண்ட்டி, இன்னைக்கு எவ்வளவு காட்டுது?"ன்னு, தினமும். 2019 தேசிய ஆய்வுப்படி நம்ம நாட்டு பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர், இந்தியர்கள்ல 31.4 சதவீதம். கோவிட் யார மோசமா தாக்கும்னு கேட்டா இந்த லிஸ்ட்லருந்துதான் ஆரம்பிக்கணும், அந்த லிஸ்ட் ஏற்கனவே கையில வச்சிருக்கிறது பெரியாஸ்பத்திரி கிடையாது, சின்ன கிளினிக்தான்.

காசு மட்டும் தடை இல்ல, பயமும் தடை. 2020 ஏப்ரல்ல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ரெண்டையும் முள்கம்பி போட்டு அடைச்சாங்க, உள்ள இருந்த எல்லாருக்கும் டெஸ்ட். வெளிநாட்டுத் தொழிலாளிங்க பயப்படாம வாங்க, பர்மிட் கேக்க மாட்டோம்னு முன்னாடி சொல்லியிருந்தாங்க. மே 1ஆம் தேதி அந்தப் பகுதியிலயே குடிநுழைவு சோதனை நடந்து நூத்துக்கணக்கான பேர புடிச்சுட்டுப் போனாங்க. எனக்கு இன்னும் அது ஆறல. மனுஷத்தனத்த விடுங்க, நோயியல் கணக்குப்படியும் தப்பு. பர்மிட் இல்லாத ஒருத்தர் இருமல மறைச்சுக்கிட்டு பத்து பேரு படுக்கிற ரூம்ல தங்கிட்டா, வைரஸ் பர்மிட் பாத்து பரவாதே.

இப்போ கட்டில் கணக்குக்கு வருவோம், ஏன்னா 2021 ஜூலை, ஆகஸ்ட்ல கோலாலம்பூரும் அதச் சுத்தியும் இருக்கிற கிள்ளான் பள்ளத்தாக்கு உடைஞ்சது இங்கதான். ஒரு ஆஸ்பத்திரிக்கு தினம் 100 பேர் வர்றாங்க, ஆளுக்கு சராசரி 10 நாள் தங்குறாங்கன்னா 1,000 கட்டில் வேணும், அவ்வளவுதான் கணக்கு. ஆனா கேஸ் வாரத்துக்கு ஒருமுறை ரெட்டிப்பாகுதுன்னா, நீங்க பாடுபட்டு இன்னொரு 1,000 கட்டில் போட்டாலும் உங்களுக்குக் கிடைக்கிறது கூட ஒரு வாரம் மட்டும்தான். அதே நேரம் ஆளுங்க சீக்கிரமா வந்து, மூக்குக் குழாய் ஆக்சிஜனோட ஏழு நாள்ல வீட்டுக்குப் போனாங்கன்னா, அதே 100 பேருக்கு 700 கட்டில் போதும். லேட்டா வர்றவங்களுக்கு வெண்டிலேட்டர், அதுவும் மூனு வாரம், நாலு வாரம். ஒருத்தர் லேட்டா வந்தா பின்னாடி வர்ற மூனு பேரோட கட்டில் போச்சு. நம்ம நாட்டுல ஆயிரம் பேருக்கு சுமார் 2 கட்டில், ஜெர்மனியில 8. அவங்களுக்கு தப்பு பண்ண இடம் இருந்துச்சு, நமக்கு இல்ல.

ஆரம்பத்துல அறிகுறியே இல்லாதவங்களையும் ஆஸ்பத்திரியிலயோ தனிமைப்படுத்தும் மையத்துலயோ வச்சோம், கேஸ் கொஞ்சமா இருந்தப்போ அது நல்லாவே வேலை செஞ்சுச்சு. 2021ல அது முடியாம வீட்டுல இருங்கன்னாங்க, நோயாளிய பாத்து மதிப்பிடுற சிஏசி மையத்துக்குப் போகச் சொன்னாங்க, அங்க வெயில்ல வரிசை. போன் எடுக்க ஆள் இல்ல. தினம் வர்ற இறப்புக் கணக்குல பிஐடின்னு தனியா ஒரு நம்பர் வர ஆரம்பிச்சுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடியே இறந்தவங்க. இப்படி ஆயிரக்கணக்கான பேர். அவங்கள்ல எத்தன பேரு "நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சா வயிறு கலங்குது.

பழைய அடி ஞாபகம் இருக்கிற நாடுங்க முதல் மாசங்கள்ல வேகமா நடந்தாங்க. தென் கொரியா 2015ல மெர்ஸ்ங்கிற இன்னொரு கொரோனா வைரஸ் நோயில 38 பேர இழந்தப்புறம் சட்டத்த மாத்தி வச்சிருந்துச்சு, அதனால 2020 பிப்ரவரி தொடக்கத்துலயே டெஸ்ட் கிட்டுக்கு அவசர அனுமதி குடுக்க முடிஞ்சுச்சு. நமக்கு அந்த மாதிரி அடி 1998, 99ல வந்த நிப்பா வைரஸ், 105 உயிரு. தடுப்பூசியும் அப்படித்தான், ஊசி கைக்கு வந்ததும் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துலருந்து தெருமுனை தனியார் கிளினிக் வரைக்கும் தொறந்துவிட்டாங்க, 2021 அக்டோபர்ல பெரியவங்கள்ல 90 சதவீதம் பேர் முழுசா போட்டு முடிச்சாச்சு. பல வருஷமா குழந்தைங்களுக்கு ஊசி போட்டுப் பழகின கைங்க அதெல்லாம்.

அத்தை விஷயத்துல, 88ன்னு சொன்னதும் மிஸ்ஸி போன வைக்கவே இல்ல. இன்னொரு போன்ல ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கிட்டே எங்களுக்கு, ஆண்ட்டிய குப்புற படுக்க வைங்க, தண்ணி குடுங்க, ஐசி (அடையாள அட்டை) எடுத்து வைங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நாலு மணி நேரம் ஆச்சு, ஆஸ்பத்திரியில முதல் ராத்திரி கட்டில் இல்லாம சக்கர நாற்காலியிலயே ஆக்சிஜனோட உக்காந்திருந்தாங்க. ஒன்பது நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க.

அதுக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னாடி, ஜூலை 26ஆம் தேதிதான் கான்ட்ராக்ட் டாக்டருங்க கறுப்பு சட்டை போட்டு வெளிநடப்பு பண்ணாங்க, நிரந்தர வேலை கேட்டு. கட்டில வாங்கிடலாம், ஆக்சிஜன் டேங்க் இறக்கிடலாம், தினம் போன் பண்ணி ஆண்ட்டி எவ்வளவு காட்டுதுன்னு கேக்குற ஆள ஒரே மாசத்துல உருவாக்க முடியாது. அந்த மிஸ்ஸி போன வருஷம் சிங்கப்பூர் போயிட்டாங்க, சம்பளம் அங்க நல்லா இருக்கு, குறை சொல்ல முடியல. அத்தை ஒவ்வொரு தடவ கிளினிக் போறப்பவும் கவுண்டர்ல அவங்களப் பத்தி விசாரிக்கிறாங்க. அந்த நாற்காலிக்கு இன்னும் ஆள் வரல.