கல்லூரி வீரர்கள் மறைக்கும் கால் வலி

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் நடத்தும் பிசியோதெரபி மையத்துக்கு வரும் கல்லூரி மாணவர்களில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பகுதிகளின் கால்பந்து ஆட்டக்காரர்களும் குத்துச்சண்டை பழகுபவர்களுமே அதிகம். பலர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் பெற்றவர்கள். கட்டணச் சலுகை, தமிழக அரசுப் பணிகளில் சாதித்த வீரர்களுக்கென உள்ள 3 சதவீத இடஒதுக்கீடு, ரயில்வே அணியில் ஒரு வேலை என்று இவர்களுடைய வீடுகளின் எதிர்பார்ப்பு நீள்கிறது. அந்த எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால் அணியில் இடம் போனால் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்தில், நொண்டும் வரை வலியை யாரிடமும் சொல்லாமல் இருப்பது இவர்களுக்குப் பழகிவிடுகிறது.

விடியற்காலையில் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போய், அங்கிருந்து வகுப்புக்கும், மாலையில் மறுபடி பயிற்சிக்கும், இரவில் உணவு டெலிவரி வேலைக்கும் ஓடுகிற மாணவனின் எலும்பில், ஒவ்வொரு நாளும் ஏற்படும் நுண்ணிய சேதம் சரியாவதற்குத் தேவையான உணவும் உறக்கமும் கிடைப்பதில்லை. செலவாகும் ஆற்றலுக்கு ஏற்ப உண்ணாமல் போவதால் எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்புத் திறன் அனைத்தும் பாதிக்கப்படுவதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் தனி ஒரு பிரச்சினையாகவே வரையறுத்தது. காசிமேட்டு நெத்திலியும் வேகவைத்த முட்டையும் சுண்டலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, விலையுயர்ந்த புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குக் கடன் வாங்குவது எனக்கு இன்றும் விளங்காத விஷயம்.

முழங்காலுக்குக் கீழே, காலின் உட்புற எலும்பை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வருவேன். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்தால், பெரும்பாலும் பயிற்சியைக் குறைத்தாலே தணிந்துவிடும். ஒரே புள்ளியில் விரல் பட்டதும் மாணவன் காலை இழுத்துக்கொண்டால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம் என்பதால், 'எக்ஸ்ரே நார்மல்' என்ற ஒரு வரியை நம்பி மைதானத்துக்குத் திரும்பக் கூடாது. எம்ஆர்ஐ தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஆடுவது கீறலை ஆழமாக்கக்கூடும். எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தியிருக்கும் குத்துச்சண்டை வீரருக்கோ, அதே மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.

மாணவிகளிடம் மாதவிடாய் பற்றி நான் தவறாமல் கேட்பதுண்டு. தொடர்ந்து மூன்று மாதம் வராமலிருந்தால், "ஓடுற பொண்ணுக்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடாமல் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பு பலவீனமாவதற்கான முன்னறிகுறியாகவும் அது இருக்கலாம்.

உட்புற எலும்புக் கீறல் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாக ஓட்டத்துக்குத் திரும்பிவிடலாம். அதுவரை வலி தராத அளவில் சைக்கிளும் நீச்சலும் மூச்சுத்திறனைக் காக்கும். பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்குபவர்களுக்கு, எந்தப் பயிற்சி கூடாது, எது செய்யலாம், எப்போது திரும்பலாம் என்று கடிதமாகவே எழுதித் தருகிறேன். திரும்பும் தேதி தெரிந்துவிட்டால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அணியில் இடத்தை வைத்திருக்கிறார்கள்.