குளிர் ஆகாத செடி கத்திரி வெயிலைத் தாங்குமா?

இந்த வாரத்தில் இப்படி வாடி வந்தது இது நாலாவது டிபூச்சினா, ஊதாப் பூ பூக்கும் செடி. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மா என் நர்சரிக்குத் தொட்டியோடு தூக்கி வந்தார். ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனபோது அந்த ஊதாப் பூவைப் பார்த்து ஆசையாக வாங்கியது. வெல்வெட் மாதிரி இருக்க வேண்டிய இலை அப்பளமாக முறுகிக் கிடந்தது. "குளிர் ஆகாதாமே, அதான் மாடியில் நல்ல வெயிலில் வைத்தேன்" என்றார்.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே உறைபனியில் செடி கருகும். அதனால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்து, கோடையில் முழு வெயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கோடை நம் மார்கழி, தை போல. உறைபனி ஆகாது என்றால் கத்திரி வெயில் ஆகும் என்று அர்த்தமில்லை! இதன் சொந்த ஊர் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே செழிக்கும். வேலூர் 200 மீட்டர் சொச்சம்; மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். குளிரை மறந்துவிடுங்கள். நமக்குக் கண்டம் பங்குனி முதல் ஆனி வரைதான்.

காலை வெயில் பத்து மணி வரை போதும். அப்புறம் நிழல், அல்லது பச்சை வலை. கருப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், வேர் வெந்துவிடும். மண் தொட்டியில் வைத்து, தளத்தின் சூடு ஏறாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மதியம் துவண்டதும் வாளியைத் தூக்காதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நிழலுக்கு நகர்த்தினால் போதும், பெரும்பாலும் சாயந்திரம் நிமிர்ந்துவிடும். வாடின செடிக்கு யூரியா போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இது அமில மண் கேட்கும் செடி. வாளியில் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்குச் சாம்பல் போடுகிறவர்கள் உண்டு. சாம்பல் இன்னும் கெடுக்கும். மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

கருகியதை உடனே தூக்கி எறிய வேண்டாம். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அந்த அம்மாவின் செடியில் இருந்தது.

மாடியில் நிழலே கிடையாது என்பவர்களுக்கு நான் டிபூச்சினா விற்பதில்லை. அவர்கள் டிசம்பர் பூ வைக்கலாம். அதுவும் ஊதாதான், நம் ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியது. மழைக்காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேட்டு வாங்கி நட்டாலே பிடித்துக்கொள்ளும்.