சாவி தொலைந்தால் பூட்டைச் சரிசெய்யுங்கள், வயரை வெட்டாதீர்கள்

ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் திடீரென்று நின்றுவிடுகிறது, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கருகல் வாடை வருகிறது என்ற இரண்டு புகார்களுடன் ஒரு பழைய கார் அண்மையில் என் பட்டறைக்குக் கட்டி இழுத்துவரப்பட்டது. ஸ்டியரிங் தண்டின் உறையைக் கழற்றிய உடனே காரணம் தெரிந்துவிட்டது. சாவியைத் திருப்பும்போது எஞ்சினுக்கு மின்சாரம் விடும் இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் வயர்கள் அனைத்தும் வெட்டப்பட்டு, கையால் முறுக்கி இணைக்கப்பட்டு, அங்கிருந்து டேஷ்போர்டில் துளையிட்டுப் பொருத்திய, மேலும் கீழும் தட்டும் ஒரு டாகிள் சுவிட்சுக்கும் ஒரு அழுத்து பொத்தானுக்கும் இழுக்கப்பட்டிருந்தன. ஏழு மாதங்களுக்கு முன் சாவி தொலைந்ததாகவும், அரை மணி நேரத்தில் ஒருவர் இப்படிச் 'சரிசெய்து' கொடுத்ததாகவும் உரிமையாளர் சொன்னார்.

அந்த முறுக்கு இணைப்பைப் பார்த்தாலே போதும், ஏன் இந்த வேலை கூடாது என்பது விளங்கிவிடும். இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது. செம்பு இழைகள் கறுத்திருந்தன. இணைப்பிலிருந்து மூன்று விரற்கடை தூரத்துக்கு வயரின் மேலுறை விறைத்து, வளைத்தால் நொறுங்கும் நிலையில் இருந்தது. தளர்ந்த இணைப்பொன்றில் வெறும் 0.1 ஓம் மின்தடை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 20 ஆம்பியர் பாய்ந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் 2 வோல்ட் வீணாகி, 40 வாட் வெப்பம் பிறக்கும். ஈயப்பற்று வைக்கும் பற்றுக்கோலின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படியொரு கோலைச் சூடாக்கி, முழங்காலுக்கு மேலே வயர்க்கற்றைக்குள் செருகி வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு இது சமம்.

டாகிள் சுவிட்சால் இன்னொரு கேடும் உண்டு. சாவி இருந்தால், காரை விட்டு இறங்கும்போது அதை உருவியாக வேண்டும். உருவும்போதே இக்னிஷன் அணைந்துவிடும். டாகிளில் எதையும் உருவ வேண்டியதில்லை என்பதால், எஞ்சின் தானாக நின்றுபோன பிறகு அதை அணைக்க மறப்பது எளிது. காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனையான பிளாட்டினம் பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில், எஞ்சின் நிற்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் இருந்துவிட்டால் தீப்பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் அந்தக் காயிலில் மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்து, காயில் கொதித்துப் போகும். அதோடு, இத்தகைய வண்டிகள் பலவற்றில் ஓட்டத்தின்போது காயிலுக்கு முழு 12 வோல்ட் போகாதபடி ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். செல்ஃப் அடிக்கும் சில நொடிகள் மட்டும் அதைத் தாண்டி முழு வோல்டேஜ் போகும். வயர்களை வெட்டி இணைப்பவர் இந்த இரண்டு பாதைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், 1.5 ஓம் காயிலில் பாய வேண்டியதைப்போல இரு மடங்கு மின்சாரம் பாய்ந்து பாயிண்டுகள் கருகும். வண்டி சூடான பிறகு நின்றுவிடும் புகாருக்கு இங்கே அதுதான் காரணம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது ஸ்டியரிங் பூட்டு. சாவியை உருவியதும் ஸ்டியரிங்கைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும் அது, சாவி இல்லாமல் விடுபடாது. ஆகவே ஸ்டியரிங்கை இரு பக்கமும் பலமாக இழுத்து உடைத்திருப்பார்கள். உடைந்த துண்டு உள்ளேயே கிடந்து, என்றைக்கு எந்தத் திருப்பத்தில் தண்டைப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலானோர் அறியாத செய்தி என்னவென்றால், பல கார்களில் சாவி நுழையும் பூட்டுச் சிலிண்டரும் அதன் பின்னால் இருக்கும் மின்சுவிட்சும் வெவ்வேறு பாகங்கள். சாவி தொலைந்தால் பழுது சிலிண்டர் பக்கம்தான். சுவிட்சுக்கோ வயருக்கோ ஒன்றும் ஆகவில்லை. சாவியோடு வந்த சிறு தகட்டிலோ, சில வண்டிகளில் பூட்டின் உடலிலோ சாவி எண் பொறித்திருக்கும். அதைக் கொண்டு புதிய சாவி வெட்ட முடியும். எண் கிடைக்காவிட்டாலும், கதவுப் பூட்டைக் கழற்றி உள்ளிருக்கும் தகடுகளின் உயரத்தைப் பார்த்தே கைதேர்ந்த சாவிக்காரர் சாவி செய்துவிடுவார். அவர் முதலில் வண்டியின் பதிவுச் சான்றைக் கேட்டால் கோபப்படாதீர்கள்; கேட்காதவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும் என்பதால், முடிந்தவரை எண்ணை வைத்து வெட்டுவதே நல்லது.

சுவிட்சே கருகிப்போய் வயரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியானால், தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருக்காமல் ஸ்டியரிங் தண்டைத் தொடக்கூடாது. பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ வயர் மாற்றியிருப்பார்கள் என்பதால் நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு வயரையும் மீட்டரால் சோதித்துச் சீட்டு ஒட்டிய பிறகே பிரிக்கிறேன். ஐரோப்பிய முறைப்படி எண்ணிட்ட சுவிட்சுகளில் 30 என்பது பேட்டரி வரவு, 15 இக்னிஷன், 50 செல்ஃப். அதே தடிமனுள்ள வயர், அழுத்திப் பொருத்திய டெர்மினல், வரவு வயருக்குப் பொருத்தமான ஃபியூஸ் ஆகியவற்றோடு செல்ஃபுக்கு, சிறு மின்சாரத்தால் பெரும் மின்சாரத்தை இயக்கும் ஒரு ரிலேயும் வைத்துவிட்டால், செல்ஃப் மோட்டாரை இணைக்கும் சாலினாய்டு இழுக்கும் பெரும் மின்சாரம் சுவிட்சின் சிறு தொடுமுனைகள் வழியாகப் போகாது. சுவிட்ச் நெடுநாள் உழைக்கும்.

சாவிக்கொத்தின் எடையும் சிறு விஷயமன்று. 2014ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இக்னிஷன் சுவிட்சுக்காகத்தான். கொத்தின் கனத்தாலோ ஓர் அதிர்வாலோ சுவிட்ச் தன் நிலையிலிருந்து நழுவி, ஓடும் வண்டியில் எஞ்சின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போனது. அந்நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கு ஈடு வழங்கியது. நல்ல சுவிட்சானாலும் கனமான கொத்து சிலிண்டரைத் தேய்க்கவே செய்யும்.

1990களின் பிற்பகுதிக்குப் பிந்தைய கார்களில் பெரும்பாலும் சாவித்தலைக்குள் ஒரு சிப் இருக்கும்; ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு, பதியாத சாவியால் எஞ்சின் ஓடாமல் தடுக்கும் இம்மொபிலைசர் கட்டாயம். சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள சுருளே அந்தச் சிப்புக்கு மின்சாரம் ஊட்டுவதால், ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும் சிப் வேலை செய்யும். அடையாளம் பொருந்தாவிட்டால் சில வண்டிகள் இரண்டு நொடி ஓடி நிற்கும், சில ஸ்டார்ட்டே ஆகாது. வயரை வெட்டிப் பயனில்லை. புதிய சாவியைப் பதியும்போது தொலைந்த சாவியை நினைவகத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் அது கதவைத் திறக்கும் என்பதை மறவாதீர்கள். சில வண்டிகளில் பழைய பதிவுகள் அனைத்தும் அழிந்தே புதியது ஏறும் என்பதால், கைவசமுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும்.

அந்தப் பழைய காருக்கு ஸ்டியரிங் பூட்டையும் சுவிட்சையும் புதிதாகப் போட்டு, கருகிய வயர்களை வெட்டியெறிந்து முழு நீளத்துக்கும் புதியவை இழுத்தேன். இரண்டு சாவிகளையும், சாவி எண்ணைத் தனித்தாளில் எழுதியும் உரிமையாளரிடம் கொடுத்தேன். டேஷ்போர்டில் டாகிளுக்காகப் போட்டிருந்த துளையை மட்டும் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஒரு ரப்பர் மூடியால் அடைத்து அனுப்பினேன்.