சிங்க்: ரெண்டும் ஒத்துக்கிச்சா?

"நம்பரெல்லாம் புதுப் போனில் சிங்க் ஆயிடுச்சா?" யாங்கோனில் இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சர்வசாதாரணமாகக் கேட்கிற கேள்வி இது. எனக்கு அந்தச் சொல் அறிமுகமானது 1999-இல். சிங்கப்பூர் போய்வந்த சித்தப்பா ஒரு பாம் கையடக்கக் கணினி வாங்கி வந்தார். எங்கள் தெருக் கோயிலின் சந்தாப் பட்டியல் அப்போது என் பொறுப்பு. பெயர், வீடு, மாதச் சந்தா, பாக்கி என்று மேசைக் கணினியில் ஒரு தரவுத்தளமாக வைத்திருந்தேன். வசூலுக்குப் போகும்போது அது முழுவதையும் சட்டைப் பையில் கொண்டுபோக முடியும் என்று சித்தப்பா சொன்னதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேசைக் கணினியோடு கம்பியால் இணைத்த தாங்கியில் கருவியை நிறுத்தி, தாங்கியிலிருக்கும் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் போதும், இரண்டிலுமுள்ள பதிவுகள் ஒத்துவரும். பாம் வரிசையில் 1996-இல் வெளிவந்த முதல் பைலட் கருவியிலிருந்தே இந்த வசதி உண்டு. ஹாட்சிங்க் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தொடங்கும்போது ஒரு சின்ன ஒலி, முடியும்போது இன்னொன்று. இரண்டாவது ஒலி கேட்டதும் சித்தப்பா எட்டிப் பார்த்து, "என்னப்பா, ரெண்டும் ஒத்துக்கிச்சா?" என்றார். சிங்க் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். சிங்க் என்பது சிங்க்ரனைஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது: 'சின்' என்றால் கூட, உடன்; 'க்ரோனோஸ்' என்றால் காலம். ஒரே நேரத்தில் நடப்பது என்பதுதான் முதற்பொருள். இரண்டு கடிகாரங்களை ஒரே மணி காட்டச் செய்வதற்கு அதைச் சொன்னார்கள். பேசும் படம் வந்தபோது, வாயசைவும் குரலும் சேர்ந்து வருவதற்குச் சொன்னார்கள். கணினிக்கு வந்த பிறகு நேரம் பின்னுக்குப் போய்விட்டது. இரண்டு இடத்திலுள்ள பதிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடாமல் இருக்கவேண்டும் என்பதே முதன்மையான பொருளாகிவிட்டது.

தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் ஒத்திசைவு. கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் 'ஒத்திசை' என்பதைப் பார்த்திருப்பார்கள். ஒத்து, இசைவு என்று இரண்டு துண்டு. ஒத்தல் என்பதன் குடும்பம் நம் பேச்சில் நாள் முழுக்க வாழ்கிறது: கணக்கு ஒத்து வரவில்லை, இருவரும் ஒத்துப்போகிறார்கள், இந்த ஊர்த் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஊதுகிறார்களே, அந்தக் குழலுக்கும் ஒத்து என்றுதான் பெயர். இசைதல் என்றால் உடன்படுதல். இசைவு தெரிவித்தார் என்று இன்றும் எழுதுகிறோம். கிரேக்கச் சொல்லில் இருக்கும் காலம் தமிழ்ச் சொல்லில் இல்லை. அது குறை என்று நான் நினைக்கவில்லை. பதிவேடுகளுக்கு வேண்டியது உடன்பாடுதான்.

எங்கள் தாத்தா மொகல் தெருவில், இன்றைய ஷ்வே பொந்தா தெருவில், ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளின் உதவியாளராக, இருந்தவர். 1930 வாக்கில் பர்மா முழுக்க 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அன்றாட வரவு செலவு 'குறிப்பு' என்ற நாள்வழி ஏட்டில் ஏறும். அப்புறம் ஆள்வாரியாகப் பேரேட்டில் எடுத்து எழுதுவார்கள். எழுதி முடித்த வரியின் ஓரத்தில் தாத்தா ஒரு சாய்வுக் கோடு போடுவாராம். கோடு இல்லாத வரி என்றால் இன்னும் பேரேட்டுக்குப் போகவில்லை என்று பொருள். இரவில் அந்த வரிகளை மட்டும் தேடிப் பிடித்தால் வேலை முடிந்தது. "ஏட்டை ஒத்துப் பார்க்காம படுக்க விடமாட்டாங்க" என்று சொல்லுவார்.

பாம் செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் ஒன்று உண்டு. கூடவே, 'இது திருத்தப்பட்டது' என்று சொல்லும் ஒரு பிட் அடையாளமும் உண்டு. தாத்தா முடிந்த வரிக்குக் கோடு போட்டார். பாம் முடியாத பதிவுக்கு அடையாளம் போட்டது. வழக்கமான கணினியோடு சேர்த்தால் அடையாளமுள்ள பதிவுகள் மட்டும் போய்வரும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இடையில் வேறொரு கணினியோடு சேர்த்திருந்தால் அந்த அடையாளங்களை நம்ப முடியாது. எல்லாப் பதிவையும் ஒன்றுவிடாமல் ஒப்பிட்டாக வேண்டும், நேரமாகும். ஒரே ஆளின் பதிவை இரண்டு பக்கமும் வேறுவேறு விதமாகத் திருத்தியிருந்தால் எது சரி என்று அது தானாகத் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் வைத்துக்கொண்டு நம்மிடம் சொல்லும். நல்ல கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் செய்வார்.

சிங்க் என்பதற்கு வேறு சில தமிழ்ச் சொற்களும் புழங்குகின்றன. ஒருங்கிணைப்பு என்றால் பலதும் சேர்ந்து ஒன்றாவது. இங்கே ஏடு கடைசிவரை இரண்டுதான். பரிமாற்றம் என்பதில் பொருள் கைமாறுகிறது, ஒப்பிடும் வேலை இல்லை. ஒத்தியக்கம் இயந்திரங்கள் சேர்ந்து ஓடுவதற்குப் பொருந்தும், பட்டியலுக்கு வேண்டாம்.

நகலெடுப்பதையும் ஏற்றுவதையும் ஒத்திசைவு என்று எழுதுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது. நான் பட்டபாடு அப்படி. தரவுத்தளத்திலிருந்து நேராகக் கைக்கருவிக்குப் போக எனக்கு வழி இல்லை. பட்டியலைக் காற்புள்ளியிட்ட கோப்பாக வெளியே எடுத்து, பாமோடு வந்த மேசைக் கணினி நிரலுக்குள் ஏற்றி, அங்கிருந்து பொத்தானை அமுக்கிக் கருவிக்கு அனுப்பினேன். முதல் மாதம் கச்சிதமாக வந்தது. இரண்டாம் மாதம் புதுப் பாக்கித் தொகைகளோடு அதே கோப்பை மறுபடி ஏற்றினேன். வசூலுக்குப் போய்த் திரையைத் திறந்தால் ஒவ்வொரு பெயரும் இரண்டு தடவை, இரண்டு விதப் பாக்கியோடு நிற்கிறது. வாசலில் நின்ற அத்தையிடம் எந்தத் தொகையைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். பொத்தான் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. கோப்பை ஏற்றிய நிரல், உள்ளே இருந்த பெயர்களோடு எதையும் ஒத்துப் பார்க்கவில்லை. வந்ததையெல்லாம் கீழே சேர்த்துவிட்டது.

ஆகவே கோப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஏற்றம். இருப்பதை அழித்து அதன்மேல் புதியதை வைப்பது மேலெழுதல். ஹாட்சிங்கிலேயே அதற்குத் தனித் தேர்வு இருந்தது. இரண்டு பக்கத் திருத்தமும் மதிக்கப்பட்டு, முடிவில் இரண்டு ஏடும் ஒரே சேதி சொன்னால் மட்டும் ஒத்திசைவு. எழுதும்போது, நாம் செய்தால் ஒத்திசைத்தேன். தானாக நடந்தால் ஒத்திசைந்தது. பேச்சில் சித்தப்பா மாதிரி 'ஒத்துக்கிச்சா' என்று கேட்டாலும் சரிதான்.