சத்தம் வந்தால்தான் குணமா?

“ஒரு சத்தம் வரணும் டாக்டர். ‘டக்’குன்னு கேட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

இந்த மாதத்தில் இதைச் சொன்ன ஐந்தாவது ஆள் அவர். (நான் டாக்டர் இல்லை, மூட்டையும் தசையையும் கையால் அசைத்துச் சிகிச்சை தரும் ஆஸ்டியோபத் என்று எல்லாரிடமும் சொல்லத்தான் செய்கிறேன். தலையாட்டிவிட்டு அடுத்த வாயிலேயே ‘டாக்டர்’ என்பார்கள்.) காஜாங் பக்கம் லாரி ஓட்டும் அண்ணன், ஐம்பதை நெருங்குகிறார். இரண்டு வாரமாக இடுப்புப் பிடிப்பு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்குள் நுழைந்ததும் எம்ஆர்ஐ உறையை மேசையில் வைத்தார். “ஜவ்வு விலகிடுச்சாம். அப்படியே உள்ள தள்ளி விட்டுருங்க.” பிறகு கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். படுத்திருப்பவரின் கழுத்தில் துண்டைக் கட்டி ஒருவர் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் இழுக்கிறார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். படுத்திருப்பவர் சிரிக்கிறார்.

அந்தக் காணொளிமேல் வந்த கோபத்தை அந்த அண்ணனிடம் காட்ட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜவ்வு. முதுகெலும்பின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு, ஈரக்கையில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி வெளியே ஓடும் பொருள் இல்லை. மேலும் கீழும் எலும்போடு நார்நாராகப் பின்னிக் கிடப்பது அது. அதன் ஓரம் புடைக்கலாம். வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் கொஞ்சம் பிதுங்கலாம். பிதுங்கியதை எந்தக் கையாலும் உள்ளே தள்ள முடியாது, என் கையாலும்தான். பெரும்பாலும் உடம்பே சில மாதங்களில் அதைக் கரைத்துக்கொள்கிறது, யாரும் எதையும் தள்ளாமலே.

எம்ஆர்ஐயில் எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதத்தான் செய்வார்கள். முதுகுவலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வலி இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் 80 விழுக்காட்டினருக்கு ஜவ்வுத் தேய்மானம், 60 விழுக்காட்டினருக்குப் புடைப்பு. இருபது வயதிலேயே 30 விழுக்காட்டினருக்குப் புடைப்பு இருந்தது. நரை விழுகிற மாதிரி முதுகுக்குள்ளும் வயது விழுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு ‘இனி குனியவே கூடாது’ என்று பயந்து, ஆறு மாதம் மரக்கட்டை மாதிரி நடந்து, அதனாலேயே முதுகு இறுகிப்போய் வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அடுத்தது ‘எலும்பு விலகிடுச்சு’. கீழே விழுந்தால் தோள்மூட்டு நழுவும், உண்மைதான். அது மருத்துவமனை அவசரப் பிரிவின் வேலை. முதுகெலும்புக் கட்டை ஒன்று முன்னே சரிந்து நிற்பதும் சிலருக்கு உண்டு. அதையும் யாரும் கையால் தள்ளி நேராக்குவதில்லை. மற்றபடி, காலையில் பல் துலக்கக் குனிந்தபோது ‘பிடித்துக்கொண்ட’ உங்கள் இடுப்பில் எந்த எலும்பும் இடம் மாறவில்லை. தசை பயந்துபோய் இறுகியிருக்கிறது. மூட்டு அசைய மறுக்கிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தச் சத்தம்? மூட்டுக்குள் எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று விரித்தால் அழுத்தம் குறைந்து, திரவத்துக்குள் வாயு நிறைந்த ஒரு குழி உண்டாகிறது. 2015-இல் கனடாவில் விரல் மூட்டைச் சொடக்கும்போதே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். சத்தம் வந்த நொடியில் அந்தக் குழி தெரிந்தது. இரவில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நீங்களே விரலில் எடுக்கும் சொடக்கும் இதேதான். பத்து விரலிலும் எடுக்கிறீர்களே, பத்து எலும்பா இடத்துக்குத் திரும்பியது? உடனே அதே விரலில் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், வராது. வாயு கரைய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். சொடக்கு எடுத்ததும் கொஞ்ச நேரம் தசை தளர்ந்து சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. நானும் தேவைப்பட்டால் எடுப்பதுண்டு. ஆனால் சத்தமே வராமல் முடிந்த சிகிச்சைகளில் குணமானவர்கள்தான் என் பதிவேட்டில் அதிகம்.

‘அப்போ நீங்க என்னதான் செய்யறீங்க?’ என்பார் என் மாமியார். மூட்டை மெதுவாக அசைத்து வழிக்குக் கொண்டுவருவது, இறுகிய தசையை நீட்டித் தளர்த்துவது, எது வலியைத் திரும்பத் திரும்பக் கிளறுகிறது என்று துருவிக் கேட்பது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874-இல் தொடங்கிவைத்த முறை இது. எல்லா நோய்க்கும் முதுகெலும்பில் சாவி இருப்பதாக அவர் நம்பினார், நான் நம்பவில்லை. ஆஸ்துமாவையும் குழந்தையின் காதுவலியையும் கையாலேயே தீர்ப்பேன் என்று யாராவது சொன்னால், என் தொழில்காரராகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். இடுப்புவலிக்குக் கைச்சிகிச்சை கொஞ்சம் உதவும், அதுவும் உடற்பயிற்சியோடு சேர்ந்தால். இங்கிலாந்தின் 2016 வழிகாட்டி நெறியும் பயிற்சி இல்லாமல் இதைத் தனியாகப் பரிந்துரைப்பதில்லை.

கழுத்துப் பிடிப்பு, அதனால் பின்மண்டையிலிருந்து ஏறும் தலைவலி, இருமியோ பாரம் தூக்கியோ விலாவில் வரும் மூச்சுப் பிடிப்பு, காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலி: இவையெல்லாம் எங்களிடம் வருபவை, பெரும்பாலும் தேறிவிடுபவை. தைப்பூசம் முடிந்த வாரம் என் வாசலில் முழங்கால் வரிசை நிற்கும். பத்துமலையின் 272 படிகளை ஏறுவது பக்தி. முழங்காலை உண்மையில் சோதிப்பது இறக்கம். ஆண்டு முழுக்கச் சோபாவில் இருந்த முழங்காலை ஒரே நாளில் சோதித்தால் அது கோபப்படாமல் என்ன செய்யும்? ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகுங்கள், அம்மா. கோடாலித் தைலம் அப்புறம்.

தோள்பட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கையைத் தூக்கி ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை சீவ முடியவில்லை என்று வரும் அக்காமார்களிடம் நான் முதலில் கேட்பது ‘சீனி இருக்கா?’ நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மிக அதிகம். 2023 தேசிய ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இறுகிய தோள் இளக ஓராண்டு, இரண்டாண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதை வலிக்க வலிக்க முறுக்கி ஒரே நாளில் திறக்கிறேன் என்பவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். என்னால் வலியைக் குறைத்து அசைவைக் காப்பாற்ற உதவ முடியும். காலத்தைச் சுருக்குவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சீனியைப் பார்க்க அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள்.

இப்போது எனக்கு இரத்தம் கொதிக்கும் விஷயம். முடிவெட்டும் கடை. தலைக்கு எண்ணெய் வைத்துத் தட்டி, மசாஜ் முடிந்ததும், கேட்காமலே தாடையைப் பிடித்து இப்படி ஒன்று, அப்படி ஒன்று. சுகமாக இருக்கிறது என்கிறீர்கள். கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் செல்கின்றன. சடாரென்று திருகும்போது, அரிதாகத்தான் என்றாலும், அவற்றின் உள்சுவர் கிழியலாம். கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். சில ஆண்டுகளுக்கு முன் செந்தூலிலிருந்து ஒரு தம்பி வந்தான். கடையில் கழுத்தைத் திருகி இரண்டு நாள். ஒரு பக்கம் மட்டும் இதுவரை பட்டிராத தலைவலி, நடந்தால் தள்ளாட்டம். இன்னொரு சொடக்கு எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பி என்னிடம் வந்திருந்தான். நான் கை வைக்கவில்லை. அவன் அண்ணனைக் கூப்பிட்டு நேரே மருத்துவமனைக்கு அனுப்பினேன். தமனிக் கிழிசல். பிழைத்துக்கொண்டான், மறுபடி மோட்டார் ஓட்ட நான்கு மாதம் ஆனது. கடைக்கார அண்ணன்மார்களே, உங்கள் கைப்பக்குவத்துக்கு நான் அடிமை. முடியை வெட்டுங்கள், தலையைப் பிடித்துவிடுங்கள், கழுத்தை விட்டுவிடுங்கள். (இதே பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற மசாஜ்காரர்கள் எத்தனையோ ஆண்டுகளாகத் தசையை மட்டும் பிடித்துவிட்டுப் பிழைக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள் என்று நான் சொன்னதே இல்லை.)

யாரிடமும் உருவிக்கொள்ளாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டிய வலிகள் உண்டு. இடுப்புவலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே, அந்த மணி நேரமே. இரண்டு காலும் வலுவிழந்தாலும் அப்படித்தான். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி: டாக்டரைப் பாருங்கள். காசநோய் முதுகெலும்பிலும் வரும், புற்றுநோயும் பரவும். எலும்பு பலமிழந்த பாட்டியை எவரும் முதுகில் அழுத்தக் கூடாது. நெஞ்சுவலி இடது தோளுக்கோ தாடைக்கோ ஏறி வியர்த்தால் 999. மூச்சுப் பிடிப்பு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆஸ்டியோபத்திடம் வருவதாக இருந்தால் முதலில் பதிவைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் எங்கள் துறையையும் அங்கீகரித்திருக்கிறது. கேட்டால் கோபப்படுபவரிடம் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். இருபது சிகிச்சைக்கு முன்பணம் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். நாலைந்து முறையில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நானே உங்களை வேறிடம் அனுப்ப வேண்டும்.

லாரி அண்ணன் மூன்றாவது முறை வந்தார். பின்பாக்கெட்டிலிருந்த தடித்த பணப்பை இப்போது சட்டைப்பைக்கு மாறியிருந்தது. ஜொகூர் ஓட்டத்தில் ஆயர் குரோவில் நிறுத்திப் பத்து நிமிடம் நடக்கிறாராம், காலையில் நான் சொன்ன பயிற்சியை மனைவியின் மிரட்டலில் செய்கிறாராம். வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டது. சிகிச்சை முடிந்து கட்டிலிலிருந்து புரண்டு எழுந்தபோது, நான் தொடாமலே, அவர் இடுப்பு தானாக ‘டக்’ என்றது.

“அதான் டாக்டர்!” என்றார் முகம் மலர. “இதத்தானே மொத நாளே கேட்டேன்!”