பேஸும் டிரம்ஸும் ஒரே ஒலியாவது எப்படி?

பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி, வழக்கமான சுருதியில், விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வு நிறைவுபெறவே 24 மில்லி விநாடிகள் ஆவதாலும், இன்ன சுரம் என்று தெளிவதற்குக் காதுக்குச் சில அதிர்வுகளாவது தேவைப்படுவதாலும், அந்தச் சுரம் தொடங்கிய கணம் கேட்பவருக்குச் சற்று மங்கலாகவே படுகிறது. கிக் டிரம்மின் நிலை இதற்கு நேர்மாறானது. மிதிகட்டையால் இயங்கும் அடிகோல் தோலில் மோதும்போது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை எட்டும் கூரிய ஒலி எழுந்து உடனே அடங்கிவிடுகிறது; அடி விழுந்த கணத்தில் ஐயமில்லை, ஆனால் பாடல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதை அது சொல்வதில்லை. இவ்விரண்டும் சில மில்லி விநாடிகளுக்குள் சேர்ந்து வந்தால், டிரம்மின் தொடக்கமும் பேஸின் நீட்சியும் கொண்ட ஒரே ஒலியாக மூளை அவற்றை ஏற்றுக்கொள்கிறது.

தாளத்தைத் தாங்கும் பொறுப்பு தாழ்ந்த ஒலிகளிடம் இருப்பதற்கு உடலியல் காரணமும் உண்டு. ஒரு மேல்சுரத்தையும் ஒரு கீழ்ச்சுரத்தையும் ஒன்றாக ஒலிக்கச் செய்து, இடையிடையே ஏதேனும் ஒன்றை மட்டும் 50 மில்லி விநாடி முன்னதாக ஒலிக்கவிட்டு மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. கீழ்ச்சுரம் முந்தியபோது மூளை கூடுதல் வலுவாக எதிர்வினை காட்டியது. இந்தச் சாய்வு உட்செவியிலேயே தொடங்குகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பேஸ் ஒலிப்பதையே தனியாகக் கவனிக்காத ரசிகருக்கும் பேஸ் கலைஞரின் தடுமாற்றம் உறுத்துவது இதனால்தான் போலும்.

லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம் 26 அங்குல விட்டமுள்ள கிக் டிரம்மைப் பயன்படுத்தியவர். அதன் ஆழ்ந்த முழக்கமும் பேஸின் அதிர்வெண்களும் ஒரே பகுதியில் மோதிக்கொள்ளக் கூடியவை என்பதால், எங்கே வாசிப்பது என்பதைப் போலவே எங்கே நிறுத்துவது என்பதும் அக்குழுவின் பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸுக்கு முக்கியமானது. எனினும், ஒலியியல் நோக்கில் இதைவிடச் சுவையானது 'தி ஹூ' குழுவின் இணை என்பேன். டிரம்மர் கீத் மூன் சிம்பல்கள் எனும் உலோகத் தட்டுகளையும் டாம்கள் எனும் துணை டிரம்களையும் ஓயாமல் உருட்டியதால், தாளத்தின் நிலையான அடையாளங்கள் பலவும் அந்த ஒலிப்பெருக்கில் மறைந்தன. பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய, உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகள், உயர் அதிர்வெண்கள் மிகுந்த பிரகாசமான ஒலியைத் தந்தன. வழக்கமாக டிரம்ஸ் அளிக்கும் கூரிய தொடக்கத்தை இங்கே பேஸே அளித்தது.

மேடையில் தூரமும் கணக்கில் வருகிறது. ஒலி 10 மில்லி விநாடியில் கடப்பது சுமார் 3.4 மீட்டர்தான். ஆகவே, பத்து மீட்டர் தள்ளி நிற்கும் பேஸ் கலைஞருக்கு டிரம்மின் நேரடி ஒலி ஏறத்தாழ 30 மில்லி விநாடி பிந்தியே கேட்கும். அதைப் பின்பற்றி அவர் வாசித்தால், டிரம்ஸ் அருகே இருப்பவருக்கு அந்தப் பிந்தல் இரு மடங்காகிவிடும். குழுவின் ஒலியைக் கலைஞரின் காதுக்குள்ளேயே கேட்கச் செய்யும் மானிட்டர்கள் வருவதற்கு முன்பே பல பேஸ் கலைஞர்கள் டிரம்மரை ஒட்டி நின்று வாசித்ததற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.